'எடர்னல் லவ்' சீன டிராமா: 58 எபிசோடையும் குழம்பாமல் பார்க்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைசிப் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் பெரிய திருப்பங்களைச் சொல்லவில்லை. கதை தெரிந்துவிடும் இடம் வருவதற்கு முன் எச்சரிக்கை இருக்கும்.

தேடினால் இதே பெயரில் இரண்டு மூன்று வருகிறதே, எது சரியானது?

2017 ஜனவரி 30 அன்று சீனாவில் டிராகன் டிவி, ஜெஜியாங் டிவி என இரண்டு சேனல்களிலும் தொடங்கிய தொடர்தான் இது. நாயகி யாங் மி, நாயகன் மார்க் சாவ். சீனப் பெயர் 'சான்ஷெங் சான்ஷி ஷிலி தாவ்ஹுவா'. ஆங்கிலத்தில் 'எடர்னல் லவ்', 'டென் மைல்ஸ் ஆஃப் பீச் பிளாசம்ஸ்' என இரண்டு பெயரிலும் கிடைக்கிறது.

முன்னால் 'தி' சேர்ந்து 'தி எடர்னல் லவ்' என்று வருவது வேறு தொடர். அதுவும் 2017தான், ஆனால் அரண்மனை நகைச்சுவை வகை. போஸ்டரில் லியாங் ஜியே, சிங் ஜாவ்லின் முகங்கள் இருந்தால் அதைத்தான் திறந்திருக்கிறீர்கள். மூன்றாவது, 2017 ஆகஸ்டில் வந்த சினிமா. லியு யிஃபெய், யாங் யாங் நடித்தது. டிராமாவின் அதே நாவலை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். டிராமாவுக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால் முக்கியமான முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும். பார்ப்பதானால் பிறகு பாருங்கள்.

முழுவதும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு எபிசோட் சுமார் 45 நிமிடம். 58 எபிசோடுக்குக் கணக்கு 43½ மணி நேரம். தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, அடுத்த எபிசோடின் முன்னோட்டம் மூன்றையும் தாண்டினால் எபிசோடுக்கு நான்கைந்து நிமிடம் மிச்சமாகும். மொத்தம் 40 மணி நேரத்துக்குள் அடங்கும். முன்னோட்டத்தைக் கட்டாயம் தாண்டுங்கள். அடுத்த எபிசோடின் திருப்பத்தைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். முடிவுப் பாட்டான 'லியாங்லியாங்'கை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிடுங்கள். சீனாவில் தொடரைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பாட்டு அது.

தினம் இரண்டு எபிசோட் என்றால் 29 நாள். தொடர் தொகுக்கப்பட்டிருப்பதும் அந்த வேகத்துக்குத்தான். ஒரே இருப்பில் ஏழெட்டு எபிசோட் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் பழைய நினைவுக் காட்சிகள் எரிச்சலூட்டும். நேற்றைக்குப் பார்த்தவர்களுக்காக வைத்த காட்சிகள் அவை.

ஏன் இவ்வளவு நீளம்?

தயாரிப்பாளர்கள் தொடரைச் சேனல்களுக்கு எபிசோட் கணக்கில் விற்றார்கள். எபிசோட் கூடினால் வரவும் கூடியது. அதோடு, 2015 ஜனவரி முதல் ஒரு தொடரை மாலை முக்கிய நேரத்தில் அதிகபட்சம் இரண்டு சாட்டிலைட் சேனல்கள்தான் காட்டலாம், ஒரு சேனலில் ஓரிரவுக்கு இரண்டு எபிசோட்தான் என்று விதி வந்தது. இத்தொடர் சரியாக இரண்டு சேனல்களில், இரவுக்கு இரண்டாக ஓடியதன் காரணம் அதுதான்.

2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்பு நிர்வாகம், தொடர்கள் 40 எபிசோடைத் தாண்ட வேண்டாம், 30க்குள் இருந்தால் நல்லது என்று அறிவித்தது. பிறகு வந்த பெரிய கற்பனைக் காதல் தொடர்கள் 36, 40 என்று நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். 58 எபிசோட் என்பது அதற்கு முந்தைய காலத்து அளவு.

இந்தியாவிலிருந்து எங்கே பார்ப்பது?

ராகுடென் விக்கி, நெட்ஃபிளிக்ஸ், தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல் ஆகியவற்றில் இத்தொடர் வெவ்வேறு காலத்தில் இருந்திருக்கிறது. உரிமம் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் தொடங்கும் முன் 58 எபிசோடும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீன டிராமாவுக்கென்றே உள்ள வீடிவி, மேங்கோ டிவி செயலிகள் 2020 நவம்பர் 24 அன்று இந்திய அரசு தடைசெய்த 43 செயலிகளில் இருந்தன. யாராவது 'வீடிவியில் இருக்கிறதே' என்றால் அவர் இலங்கையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கக்கூடும்.

யூடியூபில் தனியாட்கள் ஏற்றியதைத் தவிர்த்துவிடுங்கள். பதிப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள், ஓரங்களை வெட்டியிருப்பார்கள், பின்னணி இசையை மாற்றியிருப்பார்கள். நடுவில் பத்து எபிசோட் திடீரென்று காணாமலும் போகும்.

டேட்டா எவ்வளவு செலவாகும்?

சாதாரணத் தரத்தில் மணிக்குச் சுமார் 700 எம்பி என்று வையுங்கள். இரண்டு எபிசோடுக்கு ஒரு ஜிபி அளவுக்கு வரும், நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் தாராளமாக அடங்கும். மொத்தத் தொடருக்கு 30 ஜிபி. ஹெச்டியில் பார்த்தால் இதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும். இந்தத் தொடரின் கிராபிக்ஸ் பெரிய திரையில் பல்லிளிக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. போனில் சாதாரணத் தரமே போதும்.

சப்டைட்டிலைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாமா?

யூடியூபில் முடியும். ஆங்கில சப்டைட்டிலை முதலில் இயக்கி, அமைப்புகளில் தானியங்கி மொழிபெயர்ப்புக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அது சீனத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு கை மாறி வருவது. சீடன் குருவை 'நீ' என்பான். பேரரசர் வேலைக்காரியை 'நீங்கள்' என்பார். இந்தக் கதையே யார் பெரியவர், யார் சிறியவர் என்பதில்தான் நிற்கிறது. அது குழம்பினால் பாதி நாடகம் போய்விடும். ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் ஆங்கிலத்திலேயே பாருங்கள்.

இன்னொரு தொல்லை: திரையின் அடியில் சீன எழுத்துகள் படத்தோடேயே பதிந்திருக்கும். அதன் மேல் ஆங்கிலம் விழுந்தால் இரண்டும் படிக்க முடியாது. சப்டைட்டில் அமைப்பில் பின்னணி நிறத்தைக் கறுப்பாக்கி, ஒளிபுகாமையை 75 சதவீதத்துக்கு மேல் வைத்தால் சரியாகிவிடும்.

உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை. டப்பிங்கைத் திறந்துவிட்டேனா?

இல்லை. சீனத் தொடர்களில் பலவற்றுக்கு சீன மொழியிலேயே குரல் கலைஞர்கள்தான் பின்னர் பேசுவார்கள்.

யார் யார் என்றே பிடிபடவில்லை. எப்படி நினைவில் வைப்பது?

மூன்று இடங்களை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிங்சியூ: ஒன்பது வால் வெள்ளை நரிகளின் நாடு. நரி அரசருக்கு நான்கு மகன்கள், கடைசியாக ஒரே மகள் பாய் சியென். இவள்தான் நாயகி. நான்காவது அண்ணன் பாய் ஜென். இரண்டாவது அண்ணனின் மகள் ஃபெங் ஜியூ. நாயகியை 'கூகூ', அதாவது அத்தை என்று கூப்பிடுவாள். ஊர் முழுக்கவும் நாயகியை 'கூகூ' என்றே மரியாதையாக அழைப்பதால் எல்லாரும் உறவோ என்று குழம்ப வேண்டாம். இவர்களின் நெருங்கிய நண்பர், பீச் மரத் தோப்பில் மது வடிக்கும் ஃபீனிக்ஸ் பறவைத் தேவர் ஜெ யென்.

வானுலகம்: வான் அரசருக்கு மூன்று மகன்கள். மூத்தவரின் மகன் யே ஹுவா. இவன்தான் பட்டத்து இளவரசன், நாயகன். அரசர் இவனுக்குத் தந்தை அல்லர், தாத்தா. இரண்டாவது மகன் ஸாங் ஜி, மூன்றாவது லியென் ஸோங். வானுலகத்தைச் சேர்ந்த இன்னொருவர், பழைய பேரரசர் தோங் ஹுவா.

பேய்க்குலம்: அரசன் சிங் சாங், மகன் லி ஜிங், மகள் யென் ஜி.

இந்த மூன்றிலும் சேராத இடம் குன்லுன் மலை. போர்த் தேவர் மோ யுவான் அங்கே சீடர்களுக்கு வித்தை கற்றுத்தருகிறார்.

பெரும்பாலோர் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஸு ஸு வேறு, ஸு ஜின் வேறு. முதலாமவள் நாயகி, இரண்டாமவள் அவளுக்குக் குழி பறிப்பவள். அடுத்தது, நாயகிக்கு மூன்று பெயர். குன்லுனில் ஆண் வேடத்தில் ஸி யின், மனித உலகில் ஸு ஸு, சொந்தப் பெயர் பாய் சியென். மூன்றும் ஒரே ஆள்தான்.

மோ யுவானும் யே ஹுவாவும் ஒரே முகமாக இருக்கிறார்களே?

இருவரையும் மார்க் சாவ்தான் நடிக்கிறார். அதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது, வரும்போது தெரியும். உடையைப் பாருங்கள். மோ யுவான் வெளிர் நிறம், யே ஹுவா எப்போதும் கறுப்பு. ரத்தக் கறை தெரியக்கூடாது என்பதற்காகவே கறுப்பு என்று ஓரிடத்தில் சொல்வான். அந்த வசனத்தை மறக்காமல் வைத்திருங்கள்.

வயதும் காலமும் தலை சுற்றவைக்கிறது.

நாயகிக்கு 1,40,000 வயது, நாயகனுக்கு 50,000. வானுலகத்துக்கும் பேய்க்குலத்துக்கும் நடந்த பெரும் போரிலிருந்து கதை 70,000 ஆண்டு தாவும். 300 வயதுப் பையன் நான்கு வயதுக் குழந்தையைப் போல மடியில் உட்காருவான்; தேவர்கள் மெல்லத்தான் வளர்வார்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: வானுலகில் ஒரு நாள் மனித உலகில் ஒரு வருடம். மேலே போனவன் இரண்டு நாளில் திரும்பினாலும் கீழே காத்திருந்தவளுக்கு இரண்டு வருடம் ஓடியிருக்கும். தேவர்கள் மனிதப் பிறவி எடுத்து அறுபது ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்தாலும் மேலே இரண்டே மாதம்தான் கழிந்திருக்கும்.

'சோதனை', 'உயர் தேவர்' என்று அடிக்கடி வருகிறதே?

பிறப்பால் தேவராக இருந்தாலும் படிநிலை உண்டு. ஷாங்ஷியென் ஒரு படி, அதற்கு மேலே ஷாங்ஷென். ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனையைத் தாண்ட வேண்டும். அது வானத்திலிருந்து விழும் இடியாகவும் இருக்கலாம், காதலாகவும் இருக்கலாம். தாண்டாதவர் அழிந்துபோவார். ஒருவருக்கு வரும் இடியை இன்னொருவர் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளவும் முடியும். தொடக்க எபிசோடுகளில் அப்படி ஒரு காட்சி வரும். அந்தக் கடன்தான் பிறகு 70,000 ஆண்டுக் கதையை இழுத்துப் போகிறது.

முதல் சில எபிசோட் இழுவையாக இருக்கிறது. தாண்டலாமா?

குன்லுன் மலைப் பகுதி, ஏறத்தாழ முதல் பத்து எபிசோட், நிதானமாகத்தான் போகும். பலர் நிறுத்துவதும் அங்கேதான். நாயகியின் ஆண் வேடத்தை யாரும் கண்டுபிடிக்காதது நம்பும்படியாக இல்லை என்பார்கள். சீன நாடகங்களில் அது ஒரு பழைய மரபு, ஏற்றுக்கொண்டு நகர வேண்டியதுதான்.

லி ஜிங், அவனை விரும்பும் ஸுவான் நு என்ற பெண் சம்பந்தப்பட்ட காட்சிகளை 1.25 வேகத்தில் ஓட்டலாம். முழுக்கத் தாண்டினால் போர் ஏன் கைமீறிப் போனது என்பது புரியாது. வானுலகப் படையின் அணிவகுப்பு வரைபடம் திருட்டுப்போவது அந்தக் காட்சிகளில்தான். முதல்முறை பார்க்கும்போது தாராளமாகத் தாண்டக்கூடியது, தோங் ஹுவா மனித அரசராகப் பிறந்து ஃபெங் ஜியூ அவர் அரண்மனைக்குப் போகும் பகுதி. அழகாக இருக்கும், ஆனால் முதன்மைக் கதை அதற்காகக் காத்திருப்பதில்லை.

எந்த இடத்தில் நிறுத்தக்கூடாது?

ஸு ஸுவை வானுலகத்துக்கு அழைத்துப்போகும் இடத்தில். அதன் பிறகு வரும் சில எபிசோட்கள் தொடரிலேயே கொடுமையானவை. அவற்றை வார நாளில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மனம் கனத்துத் தொடரையே விட்டுவிடுவீர்கள். ஒரு விடுமுறை நாளில் மொத்தமாகப் பார்த்து, கிழக்குக் கடல் விருந்து வரைக்கும் வந்துவிடுங்கள். அங்கே குழந்தை ஆ-லி நுழைந்ததும் தொடரின் முகமே மாறும்.

தடைசெய்யப்பட்ட காதல் என்கிறார்கள். தடை என்ன, யார் போட்டது?

முழுத் தொடரையும் திறக்கும் சாவி இதுதான். நாயகன், நாயகியின் காதலுக்கு மட்டும் தடை என்று நினைத்துப் பார்த்தால் கிளைக்கதைகள் எல்லாம் இடைச்செருகலாகத் தோன்றும். உண்மையில் இதில் ஐந்து ஜோடி இருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதியை மீறுகிறது.

வானுலக இளவரசனான யே ஹுவா, சாதாரண மனிதப் பெண் ஸு ஸுவை மலையில் வானையும் பூமியையும் சாட்சியாக வணங்கி மணக்கிறான். மனிதப் பெண்ணை வானுலகம் மனைவியாக ஏற்பதில்லை. அவன் சித்தப்பா ஸாங் ஜி, சிங்சியூ இளவரசிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தும் அவளிடம் இருந்த பாம்புப் பெண் ஷாவ் ஸின்னைக் காதலிக்கிறார். இங்கே மீறப்படுவது நிச்சயதார்த்தம், கூடவே குல ஏற்றத்தாழ்வு. பேய்க்குல லி ஜிங்குக்கும் குன்லுன் சீடர் ஸி யின்னுக்கும் நடுவில் இருப்பது பகை. குன்லுனின் பதினாறாவது சீடர் ஸி லானுக்கும் பேய்க்குல இளவரசி யென் ஜிக்கும் அதே பகை, இன்னும் அமைதியான வடிவில். தோங் ஹுவாவுக்கோ எதிரி யாரும் இல்லை. காதல் விதியை எழுதும் மூன்று பிறவிக் கல்லிலிருந்து தன் பெயரைத் தானே அழித்துவிட்டவர் அவர். ஃபெங் ஜியூ எவ்வளவு ஏங்கினாலும் அவருக்குக் காதல் விதிக்கப்படவில்லை.

ஒவ்வொரு ஜோடி வரும்போதும், விதியை மீறியது யார், தண்டனையைச் சுமப்பது யார் என்று மட்டும் பாருங்கள். இளவரசர் ஸாங் ஜிக்குக் கிடைத்தது வடகடல் அதிபதி பதவியும் நாடுகடத்தலும். அவமானப்பட்ட சிங்சியூவைச் சமாதானப்படுத்த, அடுத்த பட்டத்து இளவரசன் நாயகியை மணப்பான் என்று அரசர் வாக்குக் கொடுக்கிறார். 90,000 வயது இளையவனான யே ஹுவா அவளுக்கு நிச்சயிக்கப்படுவது அப்படித்தான். சித்தப்பா உடைத்த விதியின் விலை, அப்போது பிறந்தேயிராத பையன் தலையில் விழுகிறது. அதிலிருந்து ஸு ஸு வரை, அந்தஸ்தில் கீழே இருப்பவர்தான் அதிகம் இழப்பார். வானுலகத்தின் நீதி என்று இத்தொடர் காட்டுவது இதைத்தான். அதனால்தான் பளபளப்பான உடைகளுக்கு நடுவிலும் கொஞ்சம் கோபம் வருகிறது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

காதல் காட்சிகள் மென்மையானவைதான். ஆனால் கண்ணைப் பிடுங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது, உடலைக் கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் உண்டு. பதின்மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம்.

(இங்கிருந்து கதை தெரிந்துவிடும்) யே ஹுவா எப்படி அவள் கண்களை எடுக்கச் சம்மதித்தான்?

அதிகம் சண்டை நடக்கும் கேள்வி. ஸு ஜின் தன் கண் போனதற்கு ஸு ஸுதான் காரணம் என்கிறாள். ஸு ஜின்னின் குலம் முழுவதும் பேய்க்குலப் போரில் வானுலகத்துக்காக மடிந்தது. அவள் ஒருத்திதான் மிச்சம். அவளை யாரும் தொட முடியாது. கண்ணுக்குக் கண் என்பது அரசரின் தீர்ப்பு. ஸு ஸுவிடம் பாசம் காட்டினால் அவளை அரசர் தன் பலவீனமாகப் பார்த்து ஒழித்துவிடுவார் என்று அஞ்சி, யே ஹுவா ஏற்கெனவே வெளியில் விலகி நடித்துக்கொண்டிருந்தான்.

தொடர் காரணம் சொல்கிறது, மன்னிப்பு வழங்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தேவர்களை அழிக்கும் மேடையிலிருந்து குதித்திருக்க மாட்டாள் என்பதே நம் கருத்து. அவன் சொல்லாமல் விட்டதைத்தான் மீதி எபிசோட்களில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குதித்த பிறகு அவள் எப்படி உயிரோடு வந்தாள்?

அவள் மனிதப் பெண்ணே அல்ல. பேய்க்குல அரசன் சிங் சாங்கை அவள் மறுபடி மாய மணிக்குள் சிறை அடைத்தபோது அவன் அவள் ஆற்றலையும் நினைவையும் முகத்தையும் பூட்டிவிட்டான். தேவர்களை அழிக்கும் அந்த மேடையிலிருந்து விழுந்ததில் பூட்டு உடைந்தது. ஸு ஸுவாக அவள் வாழ்ந்த வாழ்க்கையே ஷாங்ஷென் ஆவதற்கான அவளுடைய சோதனை. வானுலகம் மனைவியாக ஏற்க மறுத்த மனிதப் பெண், அதே வானுலகம் தன் இளவரசனுக்கு நிச்சயித்திருந்த மணப்பெண். பிறகு ஜெ யென்னிடம் மருந்து வாங்கிக் குடித்து எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். 300 ஆண்டு கழித்து விருந்தில் அவனை அந்நியனாகப் பார்ப்பது அதனால்தான். கண்ணில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியின் காரணமும் அவளுக்கே நினைவில்லை.

முடிவு சோகமா?

கடைசிக்கு முந்தைய எபிசோட்கள் பயமுறுத்தும். 58ஆவது எபிசோடின் இறுதி நிமிடம் வரை நிறுத்தாதீர்கள்; இருவரும் சேர்கிறார்கள்.

முடித்த பிறகு எதைப் பார்ப்பது?

ஃபெங் ஜியூ, தோங் ஹுவா ஜோடி பிடித்திருந்தால் 2020இல் வந்த 'தி பில்லோ புக்', 56 எபிசோட். அதே நடிகர்கள்: தில்ரபா, வெங்கோ காவ். இந்த ஜோடியின் பழைய நிகழ்ச்சிகளை அது மறுபடி வேறு விதமாகச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டு முரண் தேட வேண்டாம். காதல் உணர்வே வராமல் இருக்க விதை விழுங்கவைக்கப்பட்ட பெண்ணின் கதை 'ஆஷஸ் ஆஃப் லவ்' (2018), இதைவிட நீளம். நீளம் அலுத்துவிட்டதென்றால் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' (2022), 36 எபிசோடில் முடிகிறது. கிராபிக்ஸும் பல மடங்கு மேல். அதன் நாயகன் பெயர் தோங்ஃபாங் சிங்சாங். இந்தத் தொடரின் வில்லன் சிங் சாங்குக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.